எப்சிலான் ஆரிகே 2009-11: நடு கிரகணத்துல நாங்க பார்த்த வெளிச்சமும் அது எங்க இருந்து வந்துச்சுங்கறதும்

பின்னணி

எப்சிலான் ஆரிகே 27 வருஷத்துக்கு ஒரு தடவை ஏதோ ஒண்ணு முன்னால வந்து மறைக்கறதால மங்குற நட்சத்திரம், அந்த மங்கலைத்தான் கிரகணம்னு சொல்றோம். ஆரிகா மண்டலத்துலயே ரொம்ப பிரகாசமான கப்பெல்லா நட்சத்திரத்துக்கு பக்கத்துல சின்ன முக்கோணமா மூணு நட்சத்திரம் தெரியும்ல, அதுல கப்பெல்லாவுக்கு ரொம்ப கிட்ட இருக்கறதுதான் இது, வெறும் கண்ணுக்கே நல்லா தெரியும், டெலஸ்கோப்பே வேண்டாம். 1821ல யோஹான் ஃப்ரிட்ஷ்னு ஒரு ஜெர்மன் பாதிரியார் இது மங்கியிருக்கறதை முதல்ல கவனிச்சார். 1847-48 கிரகணத்தை ஆர்கெலாண்டர், ஹைஸ் மாதிரி வானியல் ஆட்கள் கண்ணாலயே அளந்து எழுதி வச்சாங்க, அப்புறம் 1900களோட ஆரம்பத்துல லூடென்டார்ஃப் பழைய கணக்கெல்லாம் சேர்த்துப் பார்த்து சுத்து காலம் சுமார் 27 வருஷம்னு சொன்னார்.

இதுல புரியாத விஷயம் ரெண்டு. ஒண்ணு, கிரகணம் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் நீடிக்கும். இன்னொண்ணு, வெளிச்சம் பாதியா குறையுது, ஆனா மறைக்கிற பொருள் அவ்வளவு பெருசா இருந்தும் அதோட வெளிச்சம் கண்ணுக்கு தெரியவே மாட்டேங்குது. 1965ல ஹுவாங் சொன்னது என்னன்னா மறைக்கிறது நட்சத்திரம் இல்ல, ஒரு துணை நட்சத்திரத்தை சுத்தி இருக்கிற தட்டு, அதை நாம விளிம்புப் பக்கமா பார்க்கறோம்னு. 1971ல வில்சன் அதை கொஞ்சம் மாத்தி, தட்டு மெல்லிசு, சாய்ஞ்சிருக்கு, நடுவுல ஒரு ஓட்டை இருக்குன்னார். ஓட்டை எதுக்குன்னா, முந்தின கிரகணங்கள்ல நடுவுல வெளிச்சம் லேசா கூடி திரும்ப குறைஞ்ச மாதிரி சில பேர் பதிவு பண்ணியிருந்தாங்க, ஓட்டை இருந்தா அந்த வழியா வெளிச்சம் வரும்ல. இந்த "நடு கிரகண வெளிச்சம்" நிஜமா இல்லையாங்கற விவாதம் 2009லயும் முடியல. எங்க கதை முழுக்க அந்த ஒரு கேள்வி மேலதான்.

நாங்க நாலு பேர். 1982-84 கிரகணத்தை இளவயசுல கண்ணால பார்த்து நோட்டுல எழுதின ஒரு பெரியவர், அவரை எல்லாரும் சார்னுதான் கூப்பிடுவோம். டிஎஸ்எல்ஆர் கேமராவுல அளவு எடுக்கிற ஒரு தம்பி. அப்ப காலேஜ்ல பிசிக்ஸ் படிச்சுட்டு இருந்த ஒரு பொண்ணு. நாலாவது நான், எல்லாரோட அளவையும் வாங்கி ஸ்ப்ரெட்ஷீட்ல போட்டு சர்வதேச டேட்டாபேஸுக்கு அனுப்பற வேலை என்னோடது, கண்ணால அளக்கவும் செய்வேன்.

ஆரம்பத்துல எடுத்த முடிவுகள்

கிரகணம் 2009 ஆகஸ்ட்ல தொடங்கும்னு கணக்கு இருந்துச்சு, நாங்க அதுக்கு முந்தின குளிர்காலத்துலயே அளக்க ஆரம்பிச்சுட்டோம். காரணம், இந்த நட்சத்திரம் கிரகணம் இல்லாதப்பவும் சும்மா இருக்காது, 0.1 மேக்னிடியூட் (நட்சத்திர வெளிச்சத்தோட அளவு, நம்பர் கூடினா மங்கல்னு அர்த்தம்) அளவுக்கு ஒழுங்கில்லாம ஏறி இறங்கும். அதோட இயல்பான ஆட்டம் என்னன்னு தெரியாம கிரகணத்துக்குள்ள போனா எது தட்டால வந்தது எது நட்சத்திரத்தால வந்ததுன்னு பிரிக்கவே முடியாது. இந்த முடிவு சரியா இருந்துச்சு, கடைசியில எங்களை காப்பாத்தினதுல இதுக்கு பங்கு உண்டு.

அடுத்தது ஒப்பீட்டு நட்சத்திரம். கண்ணால அளக்கறதுன்னா அளவு தெரிஞ்ச ரெண்டு நட்சத்திரத்துக்கு நடுவுல நம்ம நட்சத்திரம் எங்க வருதுன்னு மதிப்பு போடறதுதான், ஒண்ணு அதைவிட பிரகாசமா, ஒண்ணு அதைவிட மங்கலா இருக்கணும். மங்கல் பக்கத்துக்கு அந்தப் பொண்ணு ஜீட்டா ஆரிகேயை எடுத்திருந்தா, பக்கத்துலயே இருக்கு, 3.7 கிட்ட வருது, பார்க்க வசதி. சார் உடனே வேண்டாம்னுட்டார். "ஏம்மா, அதுவே ஒரு கிரகண இரட்டை, 972 நாளைக்கு ஒரு தடவை அதுவும் மங்கும், போதாததுக்கு ஆரஞ்சு கலர், ஆரஞ்சை ரொம்ப நேரம் உத்துப் பார்த்தா கண்ணுக்கு பிரகாசமா தெரிய ஆரம்பிச்சுடும்." அவர் சொன்னது அத்தனையும் சரி. அதனால மங்கல் பக்கத்துக்கு 4.0 உள்ள நியூ ஆரிகே, பிரகாசப் பக்கத்துக்கு 3.2 உள்ள ஈட்டா, கிரகணத்துக்கு வெளியில இன்னும் பிரகாசமா இருக்கும்போது 2.7 உள்ள இயோட்டான்னு முடிவு பண்ணோம். நியூவும் ஆரஞ்சு சாயல்தான், ஆனா மாறாத நட்சத்திரம்னு ஏத்துக்கிட்டோம். அது எப்சிலான்ல இருந்து கிழக்கே நல்லா தள்ளி இருக்குங்கறதை அன்னிக்கு யாரும் ஒரு பிரச்சினையாவே நினைக்கல.

கேமராக்கு லாம்டா ஆரிகே, 4.7. கலர் சூரியன் மாதிரி, எப்சிலானுக்கு ரொம்ப தூரமில்லாத கலர், அதனால ஃபில்டர் வித்தியாசம் பெருசா தொந்தரவு பண்ணாது. 50 எம்எம் லென்ஸ், ஃபோகஸை வேணும்னே கொஞ்சம் கலைச்சு நட்சத்திரத்தை சின்ன வட்டமா ஆக்கி, குறைஞ்ச எக்ஸ்போஷர்ல நிறைய ஃப்ரேம் எடுத்து, பச்சை சேனலை மட்டும் எடுத்து சராசரி போடறது.

ஸ்ப்ரெட்ஷீட்டை நான்தான் பண்ணேன். தேதி, நேரம், பேர், மேக்னிடியூட், குறிப்பு. அஞ்சே காலம் (column). எதோட ஒப்பிட்டாங்க, ரெண்டுக்கும் நடுவுல எந்த இடத்துல வச்சாங்க, அதுக்கு காலம் வைக்கல, எல்லாரும் ஒரே நட்சத்திரங்களைத்தானே பயன்படுத்தறோம் எதுக்கு திரும்பத் திரும்ப எழுதணும்னு விட்டுட்டேன். இந்த எழுத்துல பெரிய தப்புன்னு நான் சொல்றது இதைத்தான்.

மங்குன காலம்

2009 ஆகஸ்ட் நடுவுல இருந்து விடிகாலையில பார்க்கும்போது மெதுவா இறங்க ஆரம்பிச்சது. முதல் சில வாரம் நட்சத்திரத்தோட இயல்பான ஆட்டமா கிரகணமான்னு சொல்ல முடியல, அக்டோபர்ல சந்தேகம் போயிடுச்சு. 2010 ஜனவரி வாக்குல அடிமட்டத்துக்கு வந்து 3.7 பக்கத்துல நின்னுச்சு. இந்தக் காலத்துல எங்க நாலு பேர் அளவும் உலகத்துல மத்தவங்க அளவும் நல்லா ஒத்துப்போச்சு. இதைப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல, வானம் நல்லா இருந்துச்சு, நட்சத்திரம் உயரத்துல இருந்துச்சு.

2010 ஏப்ரல்ல ஒரு பெரிய செய்தி வந்துச்சு. மவுண்ட் வில்சன் மலையில இருக்கிற சாரா இன்டர்ஃபெரோமீட்டர், ஆறு டெலஸ்கோப்பை ஒண்ணா இணைச்சு ஒரே பெரிய டெலஸ்கோப் மாதிரி வேலை செய்யற கருவி, அது 2009 நவம்பர், டிசம்பர்ல எடுத்த படங்கள் வெளியாச்சு. நட்சத்திரத்தோட வட்டத்துக்கு மேல கறுப்பா நீளமா ஒரு தட்டு நகர்ந்து வர்றது அதுல அப்படியே தெரிஞ்சது. நாப்பது வருஷத்துக்கு மேல கணக்கால ஊகிச்ச ஒண்ணை கண்ணால பார்க்க முடிஞ்சதுங்கறது எங்களுக்கு சாதாரண விஷயம் இல்ல. சார் அந்தப் படத்தை பிரிண்ட் எடுத்து நோட்டுக்குள்ள ஒட்டி வச்சார். ஆனா இதோட பக்க விளைவையும் சொல்லணும், தட்டு உண்மைன்னு ஆனதும் ஓட்டையும் இருந்தே தீரும்னு நாலு பேர் மனசுலயும் உக்காந்துடுச்சு. படத்துல ஓட்டை ஒண்ணும் தெரியல, தட்டோட முன்பகுதி மட்டும்தான் அப்ப நட்சத்திரத்து மேல வந்திருந்துச்சு.

ஜூலை விடிகாலைகள்

நடு கிரகணம் 2010 ஜூலை, ஆகஸ்ட் பக்கம். துரதிர்ஷ்டம் என்னன்னா மே கடைசியில இருந்து ஆரிகா சூரியனுக்கு பக்கத்துல போயிடும், நிறைய பேருக்கு அது கண்ணுல படாது. வடக்கே ரொம்ப தள்ளி இருக்கறவங்களுக்கு மட்டும் அடிவானத்துல கீழாவது தெரியும். அதனால உலகம் பூரா டேட்டா குறையற நேரமும் எல்லாரும் எதிர்பார்க்கிற நேரமும் ஒண்ணா வந்துச்சு. இந்த இடைவெளியை யாராவது நிரப்பணும்னு எங்களுக்கு ஒரு வேகம்.

ஜூலையில விடியறதுக்கு முன்னாடி வடகிழக்குல எப்சிலான் திரும்ப தெரிய ஆரம்பிச்சதும் நாலு பேரும் தினமும் எந்திரிச்சோம். முதல் வாரத்துலயே சார் போன் பண்ணார், "3.5 போடறேன்பா, ஏறியிருக்கு." நானும் 3.5, 3.6ன்னுதான் போட்டேன். பொண்ணு 3.6. தம்பியோட கேமரா 3.55 சொல்லுச்சு. கண்ணும் கேமராவும் ரெண்டு வேற வேற முறை, ரெண்டும் ஒரே பதிலை சொல்லுதுன்னா அது உண்மையாத்தான் இருக்கணும்னு நான் நினைச்சேன், உடனே அத்தனையையும் டேட்டாபேஸுக்கு அனுப்பிட்டேன், குறிப்புல "நடு கிரகண வெளிச்சமா இருக்கலாம்"னும் எழுதினேன்.

இதுல இன்னொண்ணும் நடந்துச்சு. யார் என்ன போட்டாங்கன்னு தினமும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிட்டே இருந்தோம். சார் 3.5ன்னு சொன்னதுக்கப்புறம் மறுநாள் நான் வெளியில போய் பார்க்கும்போது என் கண்ணு அந்த 3.5ஐ தேடிட்டுதான் இருந்துச்சு.

சந்தேகம்

ஆகஸ்ட் நடுவுல வெளிச்சம் குறைய ஆரம்பிச்ச மாதிரி தெரிஞ்சது, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா 3.6, 3.65ன்னு. கிராஃப்ல பார்த்தா அழகா ஒரு மேடு, ஓட்டை வழியா வெளிச்சம் வந்து போனா எப்படி இருக்குமோ அதே மாதிரி. முதல்ல சந்தேகப்பட்டது அந்தப் பொண்ணுதான். மேக்னிடியூடுக்கு பக்கத்துல ஒவ்வொரு நாளும் அளந்த நேரத்துல நட்சத்திரம் எவ்வளவு உயரத்துல இருந்துச்சுன்னு கணக்கு போட்டு எழுதிக் கொண்டு வந்தா. ஜூலையில அடிவானத்துக்கு மேல 20, 25 டிகிரி. ஆகஸ்ட் போகப் போக 40, 50. வெளிச்சம் குறையறதும் உயரம் கூடறதும் ஒரே கோட்டுல போச்சு. "அண்ணே, இது நட்சத்திரம் மாறுதா இல்ல காத்து மாறுதா?"ன்னு கேட்டா.

விஷயம் இதுதான். அடிவானத்துக்கு கிட்ட இருக்கிற நட்சத்திரத்தோட வெளிச்சம் அதிக தடிமனான காத்துக்குள்ள நுழைஞ்சு வருது, அதனால மங்கும். தலைக்கு மேல இருக்கிற காத்தை ஒண்ணுன்னு வச்சா 25 டிகிரி உயரத்துல அது 2.4, 15 டிகிரியில 3.8. ஒவ்வொரு பங்கு காத்துக்கும் சுமார் 0.25 மேக்னிடியூட் போயிடும். கிழக்குல உதிக்கும்போது எப்சிலான் முதல்ல ஏறும், நியூ பின்னாடிதான் வரும், எப்சிலான் 25 டிகிரியில இருக்கும்போது நியூ 15 டிகிரி பக்கம். அப்ப நியூ எப்சிலானைவிட 0.35 அளவுக்கு அதிகமா மங்கித் தெரியும், அதாவது நாங்க 4.0ன்னு நம்பி ஒப்பிட்ட நட்சத்திரம் அந்த நேரத்துல 4.35 மாதிரி நடந்துக்குது. அளவுகோலே நீண்டு போச்சு, அதுல எப்சிலான் பிரகாசமா விழுந்துச்சு. ஜீட்டாவை வச்சிருந்தா இந்த ஒரு தப்பு வந்திருக்காது, அது பக்கத்துலயே ஏறும். வேற ஒரு நல்ல காரணத்துக்காக அதை தள்ளி வச்சதுதான் எங்களை நியூகிட்ட கொண்டு போச்சு.

சரி, கேமரா? லாம்டாவும் எப்சிலானுக்கு கிழக்க, தெக்கால இருக்கு, அதுவும் பின்னாடிதான் ஏறும், நாலு டிகிரி போல கீழ இருக்கும். அவ்வளவு தாழ்வுல நாலு டிகிரியே 0.15 பக்கம் கொண்டு வந்துடும். ரெண்டு முறையும் ஒத்துப்போனதுக்கு காரணம் ரெண்டும் ஒரே தப்பை ஒரே திசையில பண்ணதுதான்.

ஒரு ராத்திரி சோதனை

சும்மா கணக்கை நம்பாம ஒரு சோதனை பண்ணலாம்னு தம்பி சொன்னார். ஆகஸ்ட் கடைசியில ஒரு தெளிவான ராத்திரி, எப்சிலான் அடிவானத்தை விட்டு ஏறினதுல இருந்து விடியற வரைக்கும் கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு தொகுதி ஃப்ரேம். கேமரா முக்காலியை நகர்த்தல, தலையை மட்டும் திருப்பினார். லென்ஸ்ல பனி பிடிக்குதான்னு ஒவ்வொரு தொகுதிக்கு முன்னாடியும் டார்ச்சை சாய்ச்சுப் பார்த்தோம், ரெண்டு தடவை துணியால மெதுவா ஒத்தி எடுக்க வேண்டி வந்துச்சு. பொண்ணு பக்கத்துல உக்காந்து நேரமும் உயரமும் எழுதினா. நான் கண்ணால அளந்தேன், இந்தத் தடவை யார்கிட்டயும் சொல்லாம தனியா ஒரு தாள்ல.

லேப்டாப்ல போட்டுப் பார்த்தப்ப முதல் தொகுதி 3.5. அடுத்தது அதைவிட கொஞ்சம் மங்கல். அதுக்கடுத்தது இன்னும் கொஞ்சம். நட்சத்திரம் 50 டிகிரி தாண்டினதும் 3.7ல போய் நின்னு அப்படியே இருந்துச்சு. சில மணி நேரத்துல 0.2 இறக்கம். சூரியனைவிட நூறு மடங்குக்கு மேல பெரிய ஒரு நட்சத்திரம் அவ்வளவு வேகத்துல அவ்வளவு மங்க வழியே இல்ல. என் தாள்லயும் அதே சரிவுதான் இருந்துச்சு. தம்பி ஸ்க்ரீனையே பார்த்துட்டு இருந்தார், அப்புறம் "ஜூலை போச்சுண்ணே"ன்னார்.

திருத்த முயற்சி

அனுப்பின அளவுகளை அழிச்சுடலாமா திருத்தலாமான்னு ஒரு பேச்சு வந்துச்சு. அழிக்க வேண்டாம்னு முடிவு பண்ணோம், எப்ப எதை அளந்தோம்ங்கறது போயிடக்கூடாது, திருத்தினது எது திருத்தாதது எதுன்னு குறிப்போட திரும்ப அனுப்பலாம்னு. ஆனா திருத்தறதுக்கு மூல அளவு வேணுமே.

கேமராவுல பாதி தப்பிச்சது. தம்பி ஹார்ட் டிஸ்க்ல இடம் பத்தாம ஜூலையோட சில ராத்திரிகளுக்கு ரா ஃபைலை (கேமரா பதிவு பண்ண மூல டேட்டா) அழிச்சுட்டு ஜேபெக் மட்டும் வச்சிருந்தார். ஜேபெக்ல வெளிச்சம் நேர் விகிதத்துல பதிவாகாது, அதை வச்சு அளவு எடுக்க முடியாது. மிச்ச ராத்திரிகளுக்கு ரா இருந்துச்சு, காத்தோட தடிமனுக்கு திருத்தம் போட்டு திரும்ப கணக்கு பண்ணோம்.

கண் அளவுகள்ல என்னோடதும் பொண்ணோடதும் முழுசா போச்சு. ஸ்ப்ரெட்ஷீட்ல 3.55ன்னு ஒரு நம்பர் மட்டும்தான் இருக்கு, எந்த ரெண்டு நட்சத்திரத்துக்கு நடுவுல எத்தனை படின்னு இல்ல. சில நாள் மேகத்தால நியூவை விட்டுட்டு வேற எதையோ வச்சு அளந்தோம்னு ஞாபகம் இருக்கு, எந்த நாள்னு இல்ல.

சார் மட்டும் ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு நம்பரை சொல்லிட்டு தன்னோட நோட்டுலயும் பழைய பழக்கத்துல எழுதிட்டு வந்திருந்தார். 1983ல எழுதின பக்கத்தை முதல்ல காட்டினார், மையெல்லாம் பழுப்பாயிருந்துச்சு: "ஈட்டா 5 எப்சிலான் 3 நியூ." ஈட்டாவுக்கும் நியூவுக்கும் நடுவுல இருக்கிறதை எட்டு படியா பிரிச்சா ஈட்டாவுல இருந்து அஞ்சாவது படியில எப்சிலான்னு அர்த்தம், கணக்கு போட்டா 3.7. இந்தப் படி முறை ஆர்கெலாண்டர் காலத்துல இருந்து வர்றது. அப்புறம் 2010 ஜூலை பக்கம்: "ஈட்டா 3 எப்சிலான் 4 நியூ." நியூவை 4.0ன்னு வச்சா இது 3.54 வரும், அன்னிக்கு எனக்கு சொன்ன 3.5 இதுதான். நேரம் எழுதியிருந்ததால நியூவோட உயரத்தை கண்டுபிடிக்க முடிஞ்சது. 4.35ன்னு வச்சு திரும்ப போட்டோம், 3.69. அந்த ஒரு வரியில இருந்து 0.15 மேடு முழுசா கரைஞ்சு போச்சு. சார் ஒண்ணும் பேசல, பேனாவை எடுத்து பக்கத்துல 3.69ன்னு எழுதி தேதி போட்டார், பழைய நம்பரை அடிக்கல.

அப்புறம் என்ன ஆச்சு

திருத்தினதுக்கப்புறமும் ஜூலை, ஆகஸ்ட்ல 0.05 அளவுக்கு ஒரு ஏத்தம் மிச்சம் இருந்த மாதிரி இருந்துச்சு. அது தட்டோட ஓட்டையா? கிரகணத்துக்கு முன்னாடி ஒரு குளிர்காலம் அளந்து வச்சிருந்தோமே, அதுல நட்சத்திரம் தானாவே அதைவிட அதிகமா ஆடியிருக்கு. அதனால எங்க டேட்டாவை வச்சு வெளிச்சம் கூடுச்சுன்னோ கூடலன்னோ சொல்ல முடியாதுன்னு எழுதி அனுப்பினோம். "இருக்கலாம்"ங்கற பழைய குறிப்பை எடுத்துட்டோம். எனக்கு இதுல வருத்தம் உண்டு, மறைக்க விரும்பல. யாரும் அதிகமா பார்க்காத சில வாரங்களை நாங்க பார்த்தோம், அதுல பெரும்பகுதி யாருக்கும் பயன்படாத மாதிரி எழுதி வச்சுட்டோம்.

2011 மார்ச்ல ஏற ஆரம்பிச்சது, கோடை இடைவெளிக்கப்புறம் பார்க்கும்போது பழைய நிலைக்கு கிட்டத்தட்ட வந்துடுச்சு. இந்தக் காலத்து அளவுகள் எல்லாம் படி முறையில, ஒப்பீட்டு நட்சத்திரம், உயரம் எல்லாம் சேர்த்து இருக்கு, அதுல எங்களுக்கு நம்பிக்கை உண்டு.

மாத்திக்கிட்டது

ஸ்ப்ரெட்ஷீட்ல மேக்னிடியூட் இப்ப கடைசி காலம் (column), அதுவும் தானா கணக்காகற காலம், யாரும் கையால போட முடியாது. படி, ரெண்டு ஒப்பீட்டு நட்சத்திரம், நேரம், மூணு நட்சத்திரத்தோட உயரம் இதெல்லாம்தான் நாம நிரப்பறது. 30 டிகிரிக்கு கீழ அளந்தா அந்த வரி வேற நிறத்துல வரும், அனுப்பலாம், ஆனா திருத்தம் இல்லாம அனுப்பக்கூடாது. அந்த உயரத்துல ஒப்பீட்டு நட்சத்திரத்தை பளபளப்பைப் பார்த்து மட்டும் எடுக்காம எப்சிலானோட அதே உயரத்துல இருக்கிறதா எடுக்கறோம், ஜீட்டா கிரகணத்துல இல்லாத மாசங்கள்ல அதையும் மூணாவதா சேர்த்துக்கறோம். ரா ஃபைல் எதையும் அழிக்கறது இல்ல. ஒரு மாசம் முடியற வரைக்கும் ஒருத்தர் அளவை இன்னொருத்தர் பார்க்கறது இல்ல, இது மத்த எல்லாத்தையும்விட கஷ்டமா இருக்கு, ஏன்னா போன் பண்ணி பேசறதுதான் இந்த வேலையில பாதி சந்தோஷம்.

அடுத்த கிரகணம் 2036ல. சாருக்கு அப்ப வயசு ரொம்ப ஆகியிருக்கும், அதை அவரே சாதாரணமா சொல்லுவார். ரெண்டு நோட்டையும் ஸ்கேன் பண்ண கொடுத்துட்டார், 1982ல இருந்து எல்லா வரியையும் அந்தப் பொண்ணு படி படியா டைப் பண்ணி வச்சிருக்கா, இன்னிக்கு தெரிஞ்ச அளவுகளை வச்சு திரும்ப கணக்கு போட்டுட்டு இருக்கா. நோட்டு மட்டும் திரும்ப சார்கிட்டயே போயிடுச்சு, வானம் தெளிவா இருந்தா இன்னும் எழுதறார். போன குளிர்காலத்துல கடைசியா எழுதினது: "இயோட்டா 3 எப்சிலான் 2 ஈட்டா. உயரம் மூணுக்கும் 50க்கு மேல." கணக்கு போட்டா 3.0.